வாயில் என்ன கொழுக்கட்டையா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘சரி’ என்று முடித்துக்கொள்கிறான். சொந்தக்காரர்கள் வந்தால் அறைக்குள் போய்விடுகிறான். ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி வகுப்பில் சேர்த்தால் நன்றாகப் பேச வருமா?
– வாசகி ஒருவர், கரூர்

பதில்: ஒரு மாலை, அவன் கிரிக்கெட் ஆடும் இடத்துப் பக்கம் போய் வாருங்கள். ரன் அவுட் தகராறில் உங்கள் பிள்ளை வாதாடுவது காதில் விழும். அவனுக்குப் பேச வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாட்டியிடம் ஒரு பேச்சு, நண்பனிடம் ‘டா’ போட்டு ஒரு பேச்சு, விடுப்புக் கடிதத்தில் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று வேறொரு தமிழ். பேச்சும் எழுத்தும் இப்படிப் பிரிந்து கிடக்கும் மொழியில் வளரும் பிள்ளைகள், ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி பேச்சை மாற்றச் சிறு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். தாங்கள் மாற்றுகிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. அதை அவர்களுக்கு உணர்த்துவதுதான் நம் வேலை.

“உன் சைக்கிள் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள். நண்பனிடம் எப்படிச் சொல்வாய்? அப்பாவிடம்? காவல் நிலையத்தில்?” என்று கேட்டுப் பாருங்கள். நண்பனிடம் நடந்ததைச் சொல்வான். காவல் நிலையத்தில் நிறம், இடம், நேரம் சொல்வான். அப்பாவிடம் மட்டும் ‘நான் பூட்டித்தான் வைத்தேன்’ என்று தொடங்கினால், அங்கே சற்று நில்லுங்கள். கேள்வி வரும் முன்பே சமாதானம் சொல்கிற பிள்ளை, வீட்டில் வாய் திறந்தால் விசாரணை வரும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை. பல வீடுகளில் ‘ம்’ பிறப்பது அங்கேதான். திருத்த வேண்டியது அவனை மட்டும் அல்ல, அம்மா.

விருந்தினர் முன்னால் ‘வாயில் என்ன கொழுக்கட்டையா?’ என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். யார் வருகிறார்கள், அவர்களிடம் எதைப் பற்றிக் கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு அவன் எழுந்து போகட்டும். கேள்வி கேட்டதும் பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். யோசித்துப் பேசும் சுபாவம் உள்ள பிள்ளைக்கு அந்தச் சில நொடிகள் வேண்டும். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே பின்தள்ளிப்போகிறது. விடியற்காலை டியூஷனுக்குக் கிளம்புகிறவனிடம் ‘ம்’ கிடைத்தால் அது திமிர் இல்லை, தூக்கம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கலகலப்பாக இருந்தவன் திடீரென்று அடங்கி, சாப்பாடும் தூக்கமும் குறைந்து, நண்பர்களையும் தவிர்த்தால் அது சுபாவம் அல்ல. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பயிற்சி வகுப்பு அவனாக விரும்பினால் சேரட்டும்.

என் மகள் அந்த வயதில் என் முகம் பார்த்து எதையும் சொன்னதில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, என் முதுகிடம்தான் சொல்வாள். கணக்கில் தோற்றதை ஒரு ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது சொன்னாள். சரக்கு ரயில் முழுதும் கடந்துபோகும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட் திறப்பதற்குள், அழுது முடித்து, அடுத்த தேர்வுக்கு என்ன செய்யப் போகிறாள் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள்.