டிஸ்மிஸ் ஆனால் பென்ஷன் என்னாகும்? மலை மக்களின் கேள்விகளுக்குப் பதில்

கோத்தகிரியிலிருந்து: அக்கா வீட்டுக்காரர் மாநில அரசு வேலையில் 24 வருடம் இருந்தார். நீண்ட நாள் வேலைக்குப் போகாததால் டிஸ்மிஸ். ஒரு பைசா கிடையாதாமே ஐயா?

பென்ஷன் கிடையாது என்பது உண்மைதான். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ன்படி பணியறவு (டிஸ்மிஸ்), பணிநீக்கம் (ரிமூவல்) இரண்டிலுமே அதுவரை பார்த்த சர்வீஸ் அழிந்துவிடும். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அதோடு போய்விடும். ஆனால் ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) அவர் சம்பளத்தில் பிடித்த பணம், அது வட்டியோடு வர வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பலருக்கு யாருமே சொல்வதில்லை. அது கருணைப்படி. கிடைத்திருக்கக்கூடிய பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கு வரை தரலாம். டிஸ்மிஸ் செய்த அதிகாரிதான் முடிவெடுப்பார். டெல்லி போலீஸ்காரர் மகிந்தர் தத் சர்மா வழக்கில் (2014), வேலைக்கு வராமல் இருந்ததற்காக டிஸ்மிஸ் ஆனவரின் கோரிக்கையைத் திரும்பப் பரிசீலிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். செய்த தவறில் பண ஆசை, நாணயக்கேடு இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. உங்கள் மச்சான் கையாடல் செய்யவில்லையே, அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மருத்துவச் சீட்டு இருந்தால் சேருங்கள். கருணைப்படி கிடைத்தால் அவர் காலத்துக்குப் பின் அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிஸ்மிஸ் ஆணையைக் கொண்டுவந்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. நான்கு வருடமாகப் பீரோவில் இருந்ததாம், ஒரு மனுகூடப் போகவில்லை. பார்க்கவே வயிறெரிந்தது.

ஊட்டியிலிருந்து: 17(பி) மெமோ (பெரிய தண்டனை தரக்கூடிய குற்றச்சாட்டு மெமோ) வந்திருக்கிறது. முந்திக்கொண்டு ராஜினாமா செய்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. ராஜினாமா செய்தாலும் பழைய சர்வீஸ் போய்விடும். மெமோவுக்குப் பதில் எழுதுங்கள், விசாரணைக்குப் போங்கள். தண்டனை கட்டாய ஓய்வோடு நின்றால்கூட முழு பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வரும். ஆணையில் டிஸ்மிஸ் என்ற சொல் கட்டாய ஓய்வு என்று மாறினால் ஆயுசுக்கும் சோறு.

அருவங்காட்டிலிருந்து: கார்டைட் ஃபேக்டரியில் இருக்கிறேன். கம்பெனியில் முழுசாகச் சேர்ந்தால் ஆபத்தா?

2021 அக்டோபரில் உங்கள் வெடிமருந்து ஃபேக்டரி, மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை கம்பெனிக்குப் போனபோது நீங்கள் அயற்பணிக் (டெபுடேஷன்) கணக்கில்தான் போனீர்கள். நிரந்தரமாக உள்வாங்கப்படும் நாள் வந்தால் இதை நினைவில் வையுங்கள்: 2025 மே மாதம் மத்திய ஓய்வூதிய விதிகளில் வந்த திருத்தப்படி, பொதுத்துறை நிறுவனத்தில் உள்வாங்கப்பட்ட பிறகு ஒழுங்கீனத்துக்காக நீக்கினால், முன்பு அரசில் பார்த்த சர்வீஸுக்கான பலன்களும் போகலாம். அந்த முடிவைச் சம்பந்தப்பட்ட அமைச்சகம் மறுஆய்வு செய்யும்.

கூடலூரிலிருந்து: தேயிலைத் தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பி.எஃப். பென்ஷனும் போச்சா?

இல்லையம்மா. பத்து வருடச் சந்தா இருந்தால் 58 வயதில் பென்ஷன் உங்களுக்கு உண்டு. முதலாளி அதில் கை வைக்க முடியாது. பணிக்கொடையைத்தான் சில காரணங்களுக்காக நிறுத்தலாம்.

குன்னூரிலிருந்து: அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். இனிமேல் பழைய தப்பைக் கிளற முடியுமா?

முடியும். அப்பா மாநில அரசு ஊழியர் என்றால், தமிழ்நாடு ஓய்வூதிய விதி 9-ன்படி பெரிய தவறு நிரூபணமானால் பென்ஷனைக் குறைக்கலாம், நிறுத்தலாம். ஆனால் ஓய்வுக்குப் பின் துறை நடவடிக்கை தொடங்க அரசின் அனுமதி வேண்டும். சம்பவம் நடந்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் புதிதாகத் தொடங்க முடியாது. அதனால் மெமோவில் சம்பவத் தேதியை முதலில் பாருங்கள்.