லிங்க்கைத் தொட்டால் படிவம் பறிபோகிறதா?

கேள்வி: தென்காசி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, வில்லங்கச் சான்று, தேர்வு விண்ணப்பம் என்று நாள் முழுக்க குரோமில்தான் வேலை. பாதி படிவம் நிரப்பியிருக்கும்போது ஒரு லிங்க்கைத் தொட்டால் அதே டேப்பில் திறந்து படிவம் போய்விடுகிறது. சில லிங்க் மட்டும் தனி டேப்பில் திறக்கிறது. கடைசி டேப்பை மூடினால் பிரவுசரே மூடிக்கொள்கிறது. கரண்ட் போய் வந்தால் திறந்திருந்த எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர், 'டேப் மேனேஜர் ஒன்று போட்டுத் தருகிறேன், வருடத்துக்கு 800 ரூபாய்' என்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி குரோமிலேயே இருக்கிறது, காசும் இல்லை. மீதி கால்வாசிக்கு ஃபயர்ஃபாக்ஸ் போதும், அதுவும் இலவசம்.

முதலில் லிங்க். அது எங்கே திறக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தை எழுதியவர் முடிவு செய்கிறார். 'புதிதாகத் திற' என்று லிங்க்கோடு எழுதிவைத்திருந்தால் தனி டேப். எழுதாவிட்டால் இருக்கிற டேப்பிலேயே. ஒரே தளத்தில் ஒரு லிங்க் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் நடந்துகொள்வது இதனால்தான். உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. 'எல்லா லிங்க்கும் புதிய டேப்பில்' என்று ஒரு பொத்தான் குரோம் செட்டிங்ஸில் கிடையாது. இத்தனை ஆண்டுகளாகியும் வைக்கவில்லை, இனி வைப்பார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்யுங்கள். லிங்க் பின்னால் தனி டேப்பில் திறக்கும், நீங்கள் படிவத்திலேயே இருப்பீர்கள். கண்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்தால் புதிய டேப்புக்கே கூட்டிப் போய்விடும். ஒரு கை மட்டும் சும்மா இருக்கிறதென்றால் மவுஸின் நடுச்சக்கரத்தை உருட்டாமல் அழுத்துங்கள், அதே பலன். அதே சக்கரத்தால் மேலே இருக்கும் டேப்பின் மீது அழுத்தினால் டேப் மூடிவிடும், கவனம். முகவரிப் பட்டையில் எதையாவது தட்டச்சு செய்துவிட்டு ஆல்ட் + என்டர் கொடுத்தால் அதுவும் தனி டேப்பில் போகும். கூகுள் தேடல் முடிவுகளுக்கு மட்டும், தேடல் பக்கத்தின் செட்டிங்ஸில் 'முடிவுகளைப் புதிய சாளரத்தில் திற' என்ற தேர்வு உண்டு. ஒருமுறை போட்டுவிட்டால் போதும்.

கண்ட்ரோல் + கிளிக் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. லிங்க் போலத் தோன்றும் பல பொத்தான்கள் உண்மையில் லிங்க் அல்ல. அடியில் ஒரு நிரல் ஓடும், முகவரி எதுவும் இருக்காது. வலது கிளிக் செய்து பாருங்கள். 'ஓபன் லிங்க் இன் நியூ டேப்' என்று வந்தால் அது பெரும்பாலும் லிங்க். வராவிட்டால் அதைத் தொடும் முன் படிவத்தை 'சேவ் டிராஃப்ட்' செய்துவிடுங்கள். அந்த வசதியும் இல்லாத தளங்கள் நம் நாட்டில் ஏராளம். இருபது நிமிடம் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு இடையில் சேமிக்கிற வழி வைக்கக்கூடாதா என்று அந்தத் தளத்தை எழுதிக் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கரண்ட் பிரச்சினை. குரோம் செட்டிங்ஸில் 'ஆன் ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய் 'கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திடீரென அணைந்து திறக்கும்போது 'ரீஸ்டோர்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். வேறு எதையும் தொடும் முன் அதை அழுத்துங்கள். தவறவிட்டால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. ஒரு டேப்பை மூடியிருந்தால் அந்த டேப்பையும், ஒரு ஜன்னலையே மூடியிருந்தால் முழு ஜன்னலையும் அது மீட்டுத் தரும். இரண்டு ஜன்னல் திறந்து வைத்துவிட்டு இரவில் ஒவ்வொன்றாக மூடினால், காலையில் கடைசியாக மூடியது மட்டும் வரும். அதனால் மூலையில் இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் 'எக்ஸிட்' கொடுத்து மூடுங்கள். இன்னொன்று: டேப் திரும்பி வரும், ஆனால் அதில் அடித்த எழுத்துகளும் வரும் என்று நம்பாதீர்கள். அதற்கு யுபிஎஸ்தான் வைத்தியம்.

கடைசி டேப் மூடினால் குரோமே மூடுவதை நிறுத்தச் செட்டிங்ஸில் வழியில்லை. ஏதாவது ஒரு டேப்பை வலது கிளிக் செய்து 'பின்' செய்து இடது ஓரத்தில் வையுங்கள். பின் செய்த டேப்பில் பெருக்கல் குறி இருக்காது, கை தவறி அதைத் தொட்டு மூட முடியாது, அந்த டேப் இருக்கும்வரை ஜன்னலும் மூடாது. ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு ஒழுங்கான வழியே உண்டு. முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு, தேடல் பெட்டியில் 'லாஸ்ட்டேப்' (lasttab) என்பதை ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக அடித்தால் ஒரு வரி வரும். 'ட்ரூ' என்று இருப்பதை இருமுறை கிளிக் செய்து 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அதோடு வெளியே வந்துவிடுங்கள், மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் 'ஓபன் லிங்க்ஸ் இன் டேப்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் நியூ விண்டோஸ்' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்து, எல்லா லிங்க்கும் டேப்பில் திறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தனி ஜன்னலாகத் திறக்க இருந்ததை டேப்பாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை.

இனி அந்த 800 ரூபாய். அவர் போடப்போவது பெரும்பாலும் குரோம் வெப் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டவைக்கும் சின்ன நிரல். காசு போனால் போகட்டும். நிறுவும்போது 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் எல்லாத் தகவலையும் படிக்கவும் மாற்றவும்' என்று ஒரு அனுமதியை இவற்றில் பல கேட்கும், எல்லாரும் படிக்காமல் 'ஆட்' அழுத்துவார்கள். உங்கள் கடையில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? வாடிக்கையாளரின் ஆதார் எண், வங்கிக் கடவுச்சொல், ஓடிபி என்று அந்தப் பிரவுசரில் தட்டச்சாகும் எதையும் படிக்கும் சாவி. இன்று நல்லதாக இருப்பது நாளைக்கும் நல்லதாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. சும்மா இருக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும், லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறு கைக்கு மாற்றிவிட்டார். 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் பயன்படுத்தியவர்களில் பலருக்குக் கைமாறியதே தெரியாது, அப்டேட் தானாகத்தான் வரும். அது செய்த வேலையை இப்போது குரோமே 'மெமரி சேவர்' என்ற பெயரில் செய்கிறது. பின் செய்த டேப்பையும் பாதி நிரப்பிய படிவத்தையும் அது தூங்கவைக்காது.

சர்வீஸ்காரர் ஏற்கெனவே எதையாவது போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் 'ரிமூவ்'. குரோமைத் திறந்ததும் பேர் தெரியாத தேடல் பக்கம் வருகிறதென்றால், டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போய் 'டார்கெட்' வரியைப் பாருங்கள். குரோம் என்ற கோப்புப் பெயருக்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அழித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. டேப் பழக்கம் வந்ததும், ஒரு டேப்பில் முருகன், இன்னொரு டேப்பில் செல்வி என்று ஒரே தளத்தில் இரண்டு பேர் கணக்கைத் திறக்கத் தோன்றும். செய்யாதீர்கள். லாகின் ஆனதும் தளம் பிரவுசரிடம் ஒரு டோக்கன் கொடுக்கும். குக்கி என்கிறார்களே, அதுதான். இந்த டோக்கன் டேப்புக்கு ஒன்று அல்ல, தளத்துக்கு ஒன்று. செல்வி நுழைந்ததும் முருகன் டோக்கன் மறைந்துபோகும். ஆனால் முருகன் டேப்பில் அவர் பெயர் அப்படியே தெரிந்துகொண்டிருக்கும், பக்கம் பழசு. நீங்கள் 'சப்மிட்' அழுத்தினால் முருகனின் விவரம் செல்வி கணக்கில் போய் விழலாம். கட்டணமும் கட்டியாகிவிட்டால் அதைத் திருத்த அலுவலகத்துக்கு எத்தனை நடை என்பது உங்களுக்கே தெரியும். கவனமாக எழுதப்பட்ட தளம் இதைக் கண்டுபிடித்து 'செஷன் எக்ஸ்பயர்ட்' என்று இருவரையும் வெளியே தள்ளும். எரிச்சலாக இருந்தாலும் அதுதான் நல்ல தளம். டேப்பை 'டூப்ளிகேட்' செய்தாலும், பின்னோக்கிய அம்பை அழுத்தினாலும்கூடச் சில வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் இப்படித்தான் வெளியே தள்ளும். அங்கெல்லாம் ஒரே டேப், தளத்துக்குள் இருக்கும் 'பேக்' பொத்தான் மட்டும்.

இன்காக்னிட்டோ ஜன்னல் போதுமே என்பார்கள். எத்தனை இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தாலும் அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே டோக்கன் பைதான். ஆக சாதாரண ஜன்னலில் ஒருவர், இன்காக்னிட்டோவில் ஒருவர், மொத்தம் இரண்டே பேர். அதற்கு மேல் வேண்டுமானால் குரோமில் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, மின்னஞ்சல் கணக்கு எதுவும் சேர்க்காமல் தனித்தனி புரொஃபைல் உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தால் குழப்பம் வராது. ஃபயர்ஃபாக்ஸில் மொசில்லாவே தரும் 'மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ்' இருக்கிறது. ஒரே ஜன்னலில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நிறம், தனி டோக்கன், ஆகவே ஆளுக்கு ஒரு கன்டெய்னரில் டேப் திறக்கலாம். எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டு இதைச் சொல்வதற்குக் காரணம், பிரவுசர் செய்தவர்களே இதைத் தருகிறார்கள்.

கரண்டுக்காகப் போடச் சொன்ன 'கன்டினியூ' தேர்வில் ஒரு வினை உண்டு. பிரவுசரை மூடியதும் அழிய வேண்டிய டோக்கன்களையும் குரோம் அப்போது சேர்த்தே வைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் லாக்அவுட் செய்யாமல் எழுந்து போனால், மறுநாள் காலை நீங்கள் திறக்கும்போது அவருடைய கணக்கும் திறந்தபடி வரக்கூடும். ஆகவே அந்தத் தேர்வு உங்கள் சொந்தப் புரொஃபைலுக்கு மட்டும். வாடிக்கையாளர் தன் மின்னஞ்சலையோ வங்கிக் கணக்கையோ திறக்க வேண்டுமானால் அதே வட்டப் படத்தில் உள்ள 'கெஸ்ட்' ஜன்னலைக் கொடுங்கள். எல்லா கெஸ்ட் ஜன்னலையும் மூடியதும் உள்ளே நடந்தது அழிந்துவிடும். ஆனால் டவுன்லோட் செய்த கோப்பு அழியாது. அவருடைய ஆதார் பிடிஎஃப் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கையோடு அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து அழித்துவிடுங்கள்.