கைபேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் காலத்திலும் சிங்கப்பூரில் அடகுக் கடைக்கு ஏன் போகிறார்கள்?

அடகு என்பது ஒரு பொருளை ஈடாகக் கொடுத்து வாங்கும் கடன். முன்பெல்லாம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் வாடகைக்கு எடுக்க அடையாள அட்டையைக் கொடுத்துவைப்போமே, அது மாதிரிதான்.

பேநவ் பணத்தை நொடியில் அனுப்பும், சரி. கையில் இல்லாத பணத்தை அதனால் உண்டாக்க முடியாதே! வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு, பழைய கடன் வரலாறு எல்லாம் பார்ப்பார்கள். அடகுக் கடைக்காரர் பார்ப்பது வளையலைத்தான். உரசிப் பார்த்து, எடை போட்டு, அடையாள அட்டையைப் பதிந்துகொள்வார். கொஞ்ச நேரத்தில் பணமும் அடகுச் சீட்டும் கைக்கு வந்துவிடும். பள்ளிக் கட்டணமோ ஊருக்கு அவசர விமான டிக்கெட்டோ, எதற்கென்று யாரும் குடைவதில்லை. எனக்கென்னவோ இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது.

வட்டிக்கும் வரம்பு உண்டு: மாதம் 1.5 விழுக்காடு, அதாவது 1,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 15 வெள்ளி. அடகுக் கடை அல்லாத, உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் மாதம் 4 விழுக்காடு வரை வாங்கலாம்.

நகையை மீட்காவிட்டால் கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, 6 மாதத்துக்குள் மீட்கவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ இல்லையென்றால் நகை போகும், அதோடு கடனும் முடியும்.