அப்பத்தாவுக்கும் பங்கு உண்டு

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் காலமானார். அல்சூரில் அவர் சம்பாதித்துக் கட்டிய வீடும் வங்கியில் வைப்புத் தொகையும் இருக்கின்றன. நாமினியான அண்ணன், பணம் தனக்கே என்கிறார். வீட்டிலும் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் தயாரித்து, நான் கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறியிட்டு அனுப்பியிருக்கிறார். அம்மாவும் அப்பத்தாவும் என்னுடன் இருக்கிறார்கள்.
- வாசகி, பெங்களூரு

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. அந்தப் பென்சில் குறிகள் அப்படியே இருக்கட்டும். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்கே உரியது. வங்கி வைப்புத் தொகை வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைச் சொல்லிவிட்டது. உங்களுக்குப் பொருந்தும் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு நான்கு: அம்மா, அண்ணன், நீங்கள், அப்பத்தா. மகனைப் பறிகொடுத்த தாயைப் பல குடும்பங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

பணம் இன்னும் வங்கியில் இருந்தால் இன்றே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். பிறகு நகர சிவில் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழுக்கு மனுச் செய்யலாம். தாசில்தார் அலுவலகம் தரும் வாரிசுச் சான்று வேறு, இது வேறு. இதுவும் பணத்துக்கு மட்டும்தான். வீட்டுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாக வேண்டும்; அண்ணன் இணங்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத் தொடுங்கள்.