திரையிலும் தொலைக்காட்சியிலும் ஒருசேர நிலைத்த நடிகை: காதால் கேட்ட ராதிகா

திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் ஒருசேர நிலைத்து நின்ற நடிகை யார் என்பது கேள்வி. ராதிகா என்பதே என் பதில். அதற்குக் காரணமாக நான் சொல்வது அவருடைய முகத்தை அன்று, குரலை.

1999ஆம் ஆண்டின் இறுதியில் சன் தொலைக்காட்சியில் 'சித்தி' தொடங்கியபோது, ஆலங்குளத்துக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், ஆச்சியும் அத்தைமாரும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாக ஏழெட்டுப் பேர் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே அந்தத் தொடரைப் பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மறுநாள் கடையில் எண்ணிக் கொடுக்க வேண்டிய ஆயிரம் பீடி முடியும்வரை இலையிலிருந்தும் தூளிலிருந்தும் கண்ணை எடுக்க முடியாது. அளவு தப்பினால் கழித்துவிடுவார்கள். ஆகவே காதால்தான் கதை நடந்தது. ராதிகா பேசும் காட்சி வந்துவிட்டால், "ஏல, சத்தத்தக் கூட்டுல" என்று ஆச்சி எனக்குக் கட்டளையிடுவார். சாரதா என்னும் அந்தப் பாத்திரம் அழப்போகிறதா, அடக்கிக்கொள்ளப்போகிறதா என்பதை, வசனம் முடியும் முன்பே, மூச்சை இழுக்கும் விதத்திலிருந்தே அவர்கள் கண்டுகொண்டதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

குரலை ஏற்றியும் இறக்கியும் மேடையை ஆண்ட எம்.ஆர்.ராதாவின் மகளிடம் இது இருந்ததில் வியப்பில்லை எனலாம். ஆனால் அது பிறவிச் சொத்தாக மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1978இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக அறிமுகமான பதின்வயதுப் பெண்ணையும், 1993இல் அதே இயக்குநரின் 'கிழக்குச் சீமையிலே' படத்தில் அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் கிழிபடும் விருமாயியையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இடைப்பட்ட 15 ஆண்டுகளின் உழைப்பு விளங்கும். 1986இல் வந்த 'சுவாதி முத்யம்' என்னும் தெலுங்குப் படத்தின் இளம் விதவை வேடமும் அந்த வழியில்தான் வருகிறது.

நாயகி வேடங்கள் ஓய்ந்து அம்மா வேடங்கள் தேடி வரும் 37 வயதில், தமது ராடான் நிறுவனத்தின் தயாரிப்பிலேயே தொடரின் மையத்தில் அவர் வந்து அமர்ந்தார். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' எனத் தொடர்ந்தன. 2013 முதல் 2018 வரை ஓடிய 'வாணி ராணி' தேவைக்கு மேல் இழுக்கப்பட்டது என்பது என் எண்ணம். எனினும் வழக்கறிஞர் வாணியும் குடும்பத் தலைவி ராணியும் பேசிக்கொள்ளும்போது, இருவரும் அவரே என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு யார் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம்.

2020இல் 'சித்தி 2' வந்தபோது ஆச்சி பீடித் தட்டை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் பழக்கம் விடாமல், தலையைக் குனிந்து, ஒரு காதைத் தொலைக்காட்சியின் பக்கம் திருப்பியே உட்கார்ந்திருந்தார்.