ஜான் பால்டசாரி: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்க கான்செப்சுவல் கலைஞர், அதாவது கைவேலையைவிட யோசனையையே கலையாக முன்வைத்தவர், ஜான் பால்டசாரி (1931–2020) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஏல விலை மட்டும் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.

கேள்வி: கேன்வாஸில் வெறும் எழுத்தை எழுதிவைத்தால் அது ஓவியமா சார்?

பதில்: 1966–68இல் அவர் செய்தவற்றைக் கேட்கிறீர்கள். அப்போது கலை உலகம் எட்டிப் பார்க்காத நேஷனல் சிட்டியில், கலிஃபோர்னியாவின் தென்கோடியில், ஓவிய ஆசிரியராக இருந்தார். 'விற்க விரும்பும் கலைஞர்களுக்குச் சில குறிப்புகள்' என்று ஒரு கேன்வாஸ். வெளிர் நிறப் படம் சீக்கிரம் விற்கும், பசுவும் பெட்டைக்கோழியும் தூசி படிந்து கிடக்கும், காளையும் சேவலும் வரைந்தால் விற்றுவிடும் என்கிற அறிவுரை அதில் இருக்கிறது. அதில் ஒரு வரிகூட அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. ஓவியம் விற்பவர்கள் முகம் சுளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அறிவுரையை அப்படியே எடுத்து, ஓவியம் மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டினார். கிண்டலாக அவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, அதனால்தான் சிரிப்பு வருகிறது. ஒரு எச்சரிக்கை: இது ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் கேன்வாஸ். கைபேசியில் பார்த்துவிட்டு 'மீம் மாதிரி இருக்கே' என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி: தலையில் தென்னை மாதிரி மரம் முளைத்த படம்?

பதில்: அது பனைவகை மரம். படத்தின் பெயர் 'தவறு'. ஆளுக்குப் பின்னால் மரம் வந்தால் தலையில் முளைத்தது போலத் தெரியும், அப்படி நிற்க வைக்காதே என்று புகைப்படப் பாடப் புத்தகங்கள் சொல்லும். இவர் சரியாக அங்கேயே போய் நின்றார். படத்தை கேன்வாஸில் பதித்து, கீழே ஒரே ஒரு சொல்.

கேள்வி: இதை நானும் செய்வேனே?

பதில்: செய்யுங்கள்.

கேள்வி: நான் போர்டு எழுதும் தொழில் செய்பவன். அந்த எழுத்தை எழுதியது இவர் இல்லை, கூலிக்கு அமர்த்திய ஒரு பெயிண்டர் என்று படித்தேன். அவர் பெயர் எங்கே?

பதில்: நல்ல கேள்வி. எழுத்தில் கலைஞனின் கைத்திறன் தெரியக் கூடாது என்பது அவர் திட்டம். அதனால் அழகுபடுத்தாமல் தகவல் பலகை போல எழுதச் சொன்னார்.

கேள்வி (அதே நண்பர்): கைத்திறன் தெரியாமல் எழுதுவதுதான் பெரிய கைத்திறன். தொழில் செய்து பாருங்கள், தெரியும்.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். 1969இல் செய்த 'கூலிக்கு வரைந்த ஓவியங்கள்' பக்கம் வாருங்கள். கான்செப்சுவல் கலை என்பது எதையாவது சுட்டிக்காட்டுவதுதானே என்று ஓவியர் ஆல் ஹெல்ட் சொன்னதாகச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ஒரு கை எதையாவது சுட்டும் புகைப்படங்களை எடுத்தார். பொழுதுபோக்கு ஓவியர்கள் பதினான்கு பேரிடம் கொடுத்து அப்படியே வரையச் சொன்னார். ஒவ்வொன்றின் கீழும் 'இன்னார் வரைந்த ஓவியம்' என்று வரைந்தவர் பெயர் இருக்கும்.

கேள்வி (அதே நண்பர்): அந்தப் பெயரைக் கீழே எழுதியது யார்?

பதில்: ஒரு போர்டு பெயிண்டர்தான். அவர் பெயர் அங்கே இல்லை.

கேள்வி (வேறொருவர்): கட்டடத்தில் கொத்தனார் பெயரா போடுகிறார்கள்? இதை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: இழுக்கட்டும். கொத்தனார் உவமை இங்கே ஒட்டாது. ஓவியம் யாருடையது என்பதையே பொருளாக வைத்த வேலை இது. அதில் ஒருவர் பெயர் மட்டும் விடுபட்டால் கேட்கத்தான் வேண்டும். நண்பர் பக்கம்தான் நான்.

கேள்வி: பழைய ஓவியங்களை எரித்தாராமே?

பதில்: 1953 மே முதல் 1966 மார்ச் வரை வரைந்தவற்றில் தன்னிடம் இருந்தவற்றை 1970இல் சான் டியேகோவில் ஒரு பிண எரிமேடையில் எரித்தார். சாம்பலைப் புத்தக வடிவக் கலசத்தில் வைத்தார். கொஞ்சம் சாம்பலைச் சேர்த்து பிஸ்கட்டும் சுட்டார். எல்லாமே எரிந்துவிடவில்லை, வேறிடத்தில் இருந்த சில தப்பின.

கேள்வி: 'இனிமேல் சலிப்பான கலை செய்ய மாட்டேன்' என்று அவர் சுவர் முழுக்க எழுதியது...

பதில்: 1971இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் கலைக் கல்லூரிச் சுவரில் எழுதியது மாணவர்கள். அவர் அங்கே போகவே இல்லை, எழுதச் சொல்லி அனுப்பினார். பள்ளியில் இம்போசிஷன் எழுத வைப்பது போல. தானும் அதே வரியை ஒரு நோட்டில் சுமார் அரை மணி நேரம் எழுதி வீடியோ எடுத்தார். முழுக்கப் பாருங்கள், அந்தச் சலிப்பு வேண்டுமென்றே வைத்தது.

கேள்வி: அவர் படங்களில் ஆட்களின் முகத்தின் மேல் வண்ணப் பொட்டு ஏன்? சென்சாரா?

பதில்: இல்லை.

கேள்வி: பொட்டுக்கு அர்த்தம் என்ன சார்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பொட்டு எதைக் குறிக்கிறது? திரையில் பார்த்தால் ஸ்டிக்கர் போலத் தெரிகிறது.

பதில்: திரையில் பார்க்காதீர்கள் என்று ஏற்கெனவே சொன்னேன், ஆனால் இந்த முறை உங்கள் கண் சரி. ஸ்டிக்கர்தான் ஆரம்பம். 1980களின் நடுவில், கடையில் விலை ஒட்டும் வட்டச் ஸ்டிக்கர்களைப் பழைய புகைப்படங்களில் முகத்தின் மேல் ஒட்டினார். முகம் போனதும் நாம் கையையும், நிற்கும் விதத்தையும், யார் யாரோடு ஒட்டி நிற்கிறார் என்பதையும் பார்க்கத் தொடங்குகிறோம். அவ்வளவுதான். இனி பொட்டுக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: மூன்று பந்தை எறிந்தது?

பதில்: 1973. மூன்றும் காற்றில் நேர்கோட்டில் வருகிற கணத்தைப் படம்பிடிக்க முப்பத்தாறு முயற்சி. ஏன் முப்பத்தாறு என்றால், ஃபிலிம் சுருளில் அவ்வளவு படம்தான் வரும். விதியை அவர் கண்டுபிடிக்கவில்லை, கேமராக் கடையிலேயே இருந்தது.

கேள்வி: செடிக்கு ஆங்கில எழுத்துக் கற்றுக்கொடுத்தாராமே, செடி கற்றுக்கொண்டதா?

பதில்: 1972 வீடியோ அது. தொட்டிச் செடிக்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தட்டையாகக் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்கிறார். செடி ஒன்றும் சொல்லவில்லை. அவர் விடாமல் இசட் வரை போனார்.