இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் திட்டத்தை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். அதுவும் சீக்கிரம்.

ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற என் பெரியப்பாவுக்கு மாதம் 1,640 ரூபாய் வருகிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்கினால் மிச்சம் பஸ் காசுதான். உயிரோடு இருப்பதைக் காட்டும் ஆயுள் சான்றுக்குக் கைரேகை வைக்கப் போனால், இரும்பு தேய்த்த விரலில் ரேகை விழுவதில்லை. போன வருடம் மூன்று முறை அலைந்தார்.

கோளாறு கணக்கிலேயே இருக்கிறது. முதலாளி கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சதவீதம் தருகிறது. இரண்டுக்கும் உச்சவரம்பு 15,000 ரூபாய் சம்பளம். 2015-ல் 12,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர் பிறகு 30,000 வாங்கினாலும் 15,000-தான் கணக்கு. அவர் 18 ஆண்டு வேலை பார்த்தால், அந்த 15,000-ஐ 18-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து, மாதப் பென்ஷன் 3,857 ரூபாய். அகவிலைப்படி கிடையாது, அதனால் சாகும்வரை அதே தொகை. குறைந்தபட்சம் 1,000 என்று நிர்ணயித்தது 2014 செப்டம்பரில். அன்றைய அரிசி விலையை நினைத்துப் பாருங்கள்.

நிதி தாங்காது என்பார்கள். அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் அதற்கு வழி அரசுப் பங்கை உயர்த்துவது, முதியவர் வயிற்றில் அடிப்பதல்ல. உச்சவரம்பும் ஏற வேண்டும், விலைவாசியோடு பென்ஷனும் ஏற வேண்டும்.

நீங்கள் கான்ட்ராக்டில் கம்பெனி மாறுபவர் என்றால் ஒன்று: 10 ஆண்டு சர்வீஸ் இல்லாமல் மாதப் பென்ஷன் இல்லை. இடையில் பென்ஷன் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பழைய சர்வீஸைப் புதுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.